சன்ரூஃப் திரை தொங்கினால், கழன்றால், சத்தம் போட்டால்: எங்கே பார்ப்பது, என்ன செய்வது

கார் கூரையில் இருக்கும் கண்ணாடி ஜன்னல்தான் சன்ரூஃப். அதற்குத் திரை வாங்கி மாட்டியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான். முதல் வாரம் அம்சமாக இருந்தது. வெயில் ஏறியதும் நடுவில் தொங்க ஆரம்பித்தது. ஒரு நாள் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது தலையில் விழுந்தது. உடனே அந்தத் திரை மட்டம் என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்குவார்கள். அதுவும் அதே இடத்தில் தொங்கும்.

துணியைக் குறை சொல்வதற்கு முன்னால் அதை எது தாங்கிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். கூரைத் திரையை அதன் சொந்தச் சட்டத்தின் இறுக்கம்தான் தாங்க வேண்டும். பசை, ரப்பர் கப், காந்தம் எல்லாம் துணைக்கு இருக்கலாம். அவற்றை மட்டும் நம்பி நம் ஊர் வெயிலில் ஒரு திரையைக் கூரையில் நிறுத்த முடியாது. கீழே வரும் பிழைகளில் பாதி இந்த இடத்தில்தான் வந்து முடியும்.

முதலில் உங்கள் கூரை எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

முன் சீட்டுக்கு மேல் மட்டும் சின்னதாக ஒரு கண்ணாடி, அதற்குக் கீழே கையால் தள்ளி மூடும் கெட்டியான பலகை என்றால் அது ஒற்றைக் கண்ணாடி சன்ரூஃப். அந்தப் பலகையே நல்ல திரைதான். பலகையை முழுதாக மூடினால் வெளிச்சம் வராது, நேர் சூடும் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு மேல் எதுவும் வாங்கத் தேவையில்லை.

கூரை முழுக்கக் கண்ணாடி, முன்பாதி நகரும், பின்பாதி நகராது என்றால் பனோரமிக். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவில் 2020 முதல் வருவது இந்த வகை. இதில் கம்பெனியே சுருள் துணித் திரை ஒன்று வைத்திருக்கும். துணி மெல்லியது என்பதால் அதற்குக் கீழே இன்னொரு திரை மாட்ட நினைப்பவர்கள் அதிகம். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய வகையும் இதுதான். கண்ணாடி நகர்கிறது, துணி நகர்கிறது, இரண்டுக்கும் தனித்தனித் தடங்கள் இருக்கின்றன.

மூன்றாவது, நகராத கண்ணாடிக் கூரை. 2025 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டெஸ்லா மாடல் ஒய் இப்படிப்பட்டது. திறக்காது, கம்பெனித் திரையும் கிடையாது. கம்பிச் சட்டமும் கிளிப்பும் கொண்டு கடையில் தனியாக விற்கும் திரைகள் முதன்மையாக இந்த வகைக்கென்றே உருவானவை. நகரும் பாகம் எதுவும் இல்லாததால் மாட்டுவதும் சுலபம்.

உங்கள் கார் எதில் சேரும் என்று தெரிந்ததா? சரி, இனி பிழைகளைப் பார்ப்போம்.

"நடுவில் தொங்குகிறது"

கம்பிச் சட்டத் திரைகள் முறுக்கி மடித்து, வட்டமான பையில் வரும். கம்பி ஸ்பிரிங் எஃகு. மாதக்கணக்கில் மடிந்தே கிடந்ததால் துணியில் மடிப்பு விழுந்திருக்கும், சட்டத்திலும் லேசாக முறுக்கு இருக்கும். பையில் இருந்து எடுத்த கையோடு மாட்டினால் ஒரு மூலை மேலே போகும், எதிர் மூலை கீழே வரும். பையைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பி படாரென்று விரியும்.

மொட்டை மாடியிலோ கூடத்திலோ தட்டையாக விரித்து, நாலு மூலையிலும் கனம் வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். அதன்பிறகும் ஒரு மூலை எழும்பி நின்றால், எழும்பும் திசைக்கு எதிராக இரண்டு கையாலும் மெதுவாக முறுக்குங்கள். விளிம்பு முழுக்க விரலை ஓட்டிப் பாருங்கள். கம்பி எங்காவது முட்டியாக மடங்கியிருப்பது தட்டுப்பட்டால் அந்த இடம் இனி நிமிராது. திரையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதுதான் வழி.

கம்பி சரியாக இருந்தும் தொங்கினால் கிளிப்புகளைப் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளில் கிளிப் என்பது கட்டைவிரல் நகம் அகலத்தில் ஒரு தட்டையான பிளாஸ்டிக் நாக்கு. அதன் ஒரு முனை கண்ணாடிக்கும் ரூஃப் லைனிங் (கூரையின் உள்பக்கத் துணி) விளிம்புக்கும் நடுவே நுழையும். மறுமுனையில் இருக்கும் சின்னக் கொக்கி சட்டத்தின் கம்பியைத் தாங்கும். அந்த இடைவெளியில் விரல் போகாது. பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்றை லைனிங் விளிம்பில் செருகி லேசாக நெம்புங்கள். உள்ளே ரப்பர் பீடிங்கின், அதாவது கண்ணாடியைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையின், உதடு தெரியும். கிளிப்பை அந்த உதட்டுக்கு மேலே, கண்ணாடிப் பக்கமாக விட்டு, நாக்கு முழுதாக உள்ளே போகும்வரை தள்ளிவிட்டு அட்டையை உருவுங்கள். உதட்டின் மேல் பாதி ஏறி நிற்கும் கிளிப் முதலில் பிடித்தது போலத்தான் இருக்கும். வண்டி நாலு குலுங்கு குலுங்கியதும் நழுவிவிடும். மாட்டிய பிறகு ஒவ்வொரு கிளிப்பையும் கீழ்நோக்கி ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது.

கிளிப்பை நெம்பும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கதவுக்கு மேலே, கூரையின் இரு பக்க விளிம்பிலும் லைனிங்குக்குப் பின்னால் கர்ட்டன் ஏர்பேக் சுருண்டு கிடக்கும். கண்ணாடித் திறப்பின் விளிம்பு வேறு, கதவு மேல் விளிம்பு வேறு. திரைக்கான கிளிப் முதலாவதில் மட்டும்தான் போக வேண்டும். கதவுப் பக்க விளிம்பில் எதையும் செருகாதீர்கள், ஒட்டாதீர்கள், அங்கே இருக்கும் பிளாஸ்டிக்கைக் கழற்றவும் வேண்டாம். விபத்தில் அந்தப் பை விரியும் வழியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தால் அது பயணியின் முகத்தை நோக்கித்தான் பாயும்.

மாட்டும் வரிசையும் முக்கியம். பின் இரு மூலைகளை முதலில் வையுங்கள், அப்புறம் முன் இரு மூலைகள், கடைசியாக நடுக் கிளிப்புகள். நடுவில் இருந்து தொடங்கினால் மிச்சத் துணி மூலையில் சேர்ந்து சுருங்கும். பெரிய பனோரமிக் கூரைக்கு ஒரே துண்டாக வரும் திரையைவிட முன், பின் என இரண்டு துண்டாக வருவதையே நான் பரிந்துரைப்பேன். நீளம் கூடக் கூட நடுவில் இறக்கம் கூடும். குறுக்குக் கம்பி இல்லாத ஒற்றைத் துண்டு எவ்வளவு இறுக்கினாலும் சில மாதங்களில் வயிறு போடும்.

"காலையில் நிற்கிறது, மத்தியானம் விழுகிறது"

ரப்பர் கப் வைத்த திரையா? கப்புக்குள் கொஞ்சமாவது காற்று மிஞ்சியிருக்கும். கண்ணாடி சூடானால் அந்தக் காற்று விரியும், ரப்பரும் இளகும், பிடி விடும். இது தவிர்க்க முடியாதது. ஆனால் இன்னொரு காரணத்தை நீங்கள் சரிசெய்யலாம். கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் பட்டை ஒன்று, அதையொட்டிப் புள்ளிப் புள்ளியாகக் கறுப்பு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கண்ணாடியில் சுட்டு ஏற்றிய பீங்கான் மை. பளிங்குபோல் தெரிந்தாலும் நகத்தால் கீறினால் சொரசொரப்பு தட்டுப்படும். கப் அதன்மேல் விழுந்தால் காற்று கசியும். புள்ளிகள் முடிந்து வெறும் கண்ணாடி தொடங்கும் இடத்தில் வையுங்கள். கப் வளைந்து கெட்டிப்பட்டிருந்தால் வெந்நீரில் சில நிமிடம் போட்டெடுத்தால் பழைய வடிவத்துக்கு வரும்.

வெல்க்ரோ அல்லது டபுள் சைடு டேப் என்றால் ஒட்டும் பரப்புதான் பிரச்சினை. டாஷ்போர்டுக்கு அடிக்கும் பாலிஷ் கூரைப் பிளாஸ்டிக்கிலும் படிந்திருக்கும். அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. ஐசோபுரோபில் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு ஒட்டுங்கள். கைக்குப் போடும் சானிடைசர் ஜெல் இதற்கு ஆகாது. அதில் உள்ள கிளிசரின் பிசுக்காகத் தங்கிவிடும். ஒட்டியதும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, திரையை அன்றைக்கே தொங்கவிடாமல் காத்திருங்கள். நல்ல அக்ரிலிக் நுரை டேப் முழுப் பிடிக்கு வர 72 மணி நேரம் ஆகும். இருபது நிமிடத்தில் பாதிப் பிடிதான் வந்திருக்கும். பெரும்பாலோர் அந்த இருபது நிமிடத்திலேயே மாட்டிவிடுகிறார்கள்.

ரூஃப் லைனிங் துணியின்மேல் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள். லைனிங் என்பது மெல்லிய நுரையின்மேல் ஒட்டிய துணி. டேப்பைப் பிய்க்கும்போது துணி நுரையோடு வந்துவிடும். அப்புறம் லைனிங் முழுதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

காந்தம் வைத்த வலை என்றால், வாங்குவதற்கு முன் ஃபிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் சன்ரூஃப் விளிம்பைச் சுற்றி வைத்துப் பாருங்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் காந்தத்தைப் பிடிக்காது. நாலு பக்கமும் பிடித்தால் மட்டும் வாங்குங்கள். அப்போதும் அது நிறுத்திய வண்டிக்குத்தான். ஓடும் வண்டியில் ஓட்டுநரின் தலைக்கு மேல் காந்தத்தை நம்பி ஒரு துணி இருக்கக் கூடாது.

"ஓரத்தில் கோடுபோல வெளிச்சம் வருகிறது"

பாதிச் சமயம் தப்பான அளவு, மீதிச் சமயம் முன்பின் மாற்றி மாட்டியது. கூரைக் கண்ணாடி செவ்வகம் போலத் தெரிந்தாலும் முன்னும் பின்னும் அகலம் ஒன்றாக இருக்காது. டேப்பால் முன், நடு, பின் என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். திரையின் ஓரத்தில் தைத்திருக்கும் சின்ன அம்புக் குறியையும் தேடுங்கள். பலரும் அதைக் கவனிப்பதே இல்லை.

காரின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது ஆபத்து. டாடா நெக்ஸானில் முன்பு ஒற்றைக் கண்ணாடி சன்ரூஃப்தான். 2024-இல் பனோரமிக்கும் வந்துவிட்டது. "நெக்ஸானுக்கு ஒரு சன்ரூஃப் ஷேட்" என்று கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. ஆண்டு, வேரியன்ட், கூரை வகை மூன்றையும் சொல்லுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ஜி.பி. ரோடு போகும்போது வண்டியோடு போய்விடுவது நல்லது. கடை வாசலிலேயே வைத்துப் பார்த்துவிடலாம்.

எந்தத் திரையும் பொருந்தவில்லையா? நீங்களே செய்துகொள்ளலாம், அதில் ஒரு சிரமமும் இல்லை. செய்தித்தாள்களை ஒட்டிப் பெரிதாக்கி, கண்ணாடிக்குக் கீழே பிடித்து, விளிம்பு நெடுக விரலால் அழுத்துங்கள். மடிப்புக் கோடு விழும். அந்தக் கோட்டில் வெட்டினால் அதுதான் உங்கள் கூரையின் சரியான வடிவம். ஷீட் கூரை வீடுகளுக்கு அடியில் போடும் வெள்ளிப் பூச்சுள்ள பபிள் ஷீட் ஹார்டுவேர் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். தாளின் அளவைவிடச் சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் கூட்டி வெட்டுங்கள். அந்தக் கூடுதல்தான் விளிம்பில் நெருக்கி நின்று ஷீட்டைத் தாங்கும். கத்தரித்த ஓரத்துக்குத் துணி டேப் சுற்றிவிட்டால் பிரியாது. நிறுத்தி வைக்கும் நேரத்துக்கு இதைவிட மலிவாக, பொருத்தமாக எதுவும் அமையாது. ஓட்டும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.

"சன்ரூஃப் மூடப் போய்ப் பாதியில் திரும்பி வருகிறது"

இதைக் கண்டால் சுவிட்சை விட்டுவிடுங்கள். கண்ணாடி மூடும் வழியில் கையோ தலையோ மாட்டினால் நசுங்காமல் இருக்க, தடை தட்டியதும் மோட்டார் பின்வாங்கும். திரையின் கிளிப்போ துணி ஓரமோ தடத்தில் விழுந்திருந்தால் அதையும் தடை என்றே எடுத்துக்கொள்ளும். மோட்டார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. சில கார்களில் சுவிட்சை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தப் பாதுகாப்பையும் மீறிக் கண்ணாடி மூடும். அப்படி மூடவைத்தால் தடத்தில் ஓடும் பிளாஸ்டிக் நகர்த்தி உடையும்.

திரையையும் எல்லாக் கிளிப்புகளையும் கழற்றுங்கள். கழற்றிய கிளிப்புகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அது தடத்துக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியை முழுதாகத் திறந்து, டார்ச் அடித்து இரண்டு பக்கத் தடத்தையும் பாருங்கள். வேப்பம்பூ, புங்கம்பூ, காய்ந்த இலை, மணல் எல்லாம் கிடைக்கும். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

தடம் சுத்தமாக இருந்தும் திரும்பினால், அண்மையில் பேட்டரியைக் கழற்றினீர்களா அல்லது பேட்டரி முழுதாக இறங்கியதா என்று யோசியுங்கள். கண்ணாடி எங்கே முடிகிறது என்ற கணக்கை மோட்டார் மறந்திருக்கும். ஹூண்டாய், கியா உட்படப் பல கார்களில் இதற்கான முறை ஏறக்குறைய ஒன்றுதான். எஞ்சினை ஓடவிட்டு கண்ணாடியை மூடுங்கள். சுவிட்சை விட்டுவிட்டு, மறுபடி மூடும் பக்கமாக சுமார் 10 வினாடி அழுத்திப் பிடியுங்கள். கண்ணாடி லேசாக அசையும். விட்டுவிட்டு உடனே மறுபடி அழுத்திப் பிடித்தால் தானே முழுதாகத் திறந்து மூடும். அது முடியும்வரை விரலை எடுக்கக் கூடாது. வரிசையும் வினாடிக் கணக்கும் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும் என்பதால் உங்கள் காரின் கையேட்டில் சன்ரூஃப் ரீசெட் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இனி திரையைத் திரும்ப மாட்டும்போது நகரும் கண்ணாடியின் விளிம்பில் கிளிப் போட வேண்டாம். பனோரமிக்கில் நகராத பின்பாதிக்கு மட்டும் நிரந்தரமாக மாட்டுங்கள். முன்பாதிக்கு நிறுத்தும்போது வைத்து, கிளம்பும்போது எடுக்கும் துண்டு போதும். வீட்டில் வேறு யாராவது அதே வண்டியை ஓட்டுவார்கள் என்றால் சன்ரூஃப் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு ஒட்டிவிடுங்கள். திரை இருப்பது தெரியாமல் அவர்கள்தான் பொத்தானை அழுத்துவார்கள்.

"கம்பெனித் திரை கோணலாகப் போகிறது, அல்லது நடுவில் நின்றுவிட்டது"

சுருள் திரை பார்க்க எளிமையாக இருந்தாலும் உள்ளே நுட்பமான வேலை. பின்பக்கம் ஒரு உருளை. அதற்குள் ஸ்பிரிங் எப்போதும் துணியைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். முன்பக்கம் ஒரு குறுக்குச் சட்டம். அதன் இரண்டு முனையிலும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் நகர்த்தி, தடத்தில் ஓடும். இரண்டு நகர்த்தியும் ஒரே வேகத்தில் போனால்தான் திரை நேராகப் போகும். ஒன்றில் தூசி அடைத்தாலோ, அது உடைந்தாலோ, திரை அந்தப் பக்கம் பின்தங்கும், துணியில் சாய்வாகச் சுருக்கம் விழும். மேலும் ஓட்டினால் துணி ஓரம் பள்ளத்தில் இருந்து வெளியே வந்துவிடும்.

மோட்டார் சத்தம் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். பலமுறை தொடர்ந்து திறந்து மூடி விளையாடியிருந்தால் சூட்டில் மோட்டார் தானே ஓய்ந்திருக்கலாம். கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். சத்தம் வந்தும் திரை நகரவில்லை என்றால் சுவிட்சைத் தொடாதீர்கள். குறுக்குச் சட்டத்தின் இடது முனைக்கும் கூரை விளிம்புக்கும் உள்ள தூரத்தையும், வலது முனையில் அதே தூரத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள். எந்தப் பக்கம் பின்தங்கியதோ அங்கேதான் கோளாறு. டார்ச் அடித்து அந்தப் பக்க நகர்த்தியைப் பாருங்கள். முழுதாக இருந்தால் இரண்டு உள்ளங்கையையும் சட்டத்தின் இரண்டு ஓரத்தில் வைத்து, பின்தங்கிய பக்கத்தை மட்டும் மெதுவாகத் தள்ளி நேராக்கலாம். நகர்த்தி உடைந்திருந்தால் கையால் எதுவும் செய்ய வேண்டாம். பல மாடல்களுக்கு நகர்த்தி மட்டும் தனியாகக் கிடைக்கிறது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகமாகவும் தேடலாம். சன்ரூஃப் தொகுதி முழுதையும் மாற்றச் சொன்னால் சரி என்று சொல்வதற்கு முன், எந்தப் பாகம் உடைந்தது என்று காட்டச் சொல்லுங்கள். உடைந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தடத்துக்கு எண்ணெய் விடுவது பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெய், எஞ்சின் ஆயில், துரு நீக்கும் ஸ்ப்ரே மூன்றுமே கூடாது. முதல் நாள் வழுக்கும், பிறகு நம் சாலைத் தூசியை இழுத்து உப்புத்தாள் போல ஆக்கிவிடும். பழைய பசையைத் துணியால் முழுதாகத் துடைத்துவிட்டு, சன்ரூஃபுக்கான சிலிக்கான் கிரீஸை மெல்லிய பூச்சாக மட்டும் தடவுங்கள்.

கையால் இழுக்கும் திரை என்றால் எப்போதும் நடுக் கைப்பிடியைப் பிடித்து இழுங்கள். பின்சீட்டில் இருந்து குழந்தைகள் ஒரு மூலையைப் பிடித்து இழுப்பதுதான் பல வீடுகளில் நகர்த்தி உடைவதற்குக் காரணம்.

"திரை போட்டும் வண்டி கொதிக்கிறது"

இந்தப் புகாருக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. சென்னையில் ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியில் இருந்து பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு மேல் விலகாது. அதாவது அக்னி நட்சத்திரக் காலம் முழுக்க மத்தியானத்தில் அதிகம் அடிவாங்குவது முன் கண்ணாடி அல்ல, கூரைதான். தெளிந்த வானத்தில் ஒரு சதுர மீட்டர் கூரைமேல் ஏறக்குறைய 1000 வாட் இறங்குகிறது. வீட்டு அயர்ன் பாக்ஸ் ஒன்று ஓயாமல் எரிவதற்குச் சமம்.

கூரைக் கண்ணாடி கறுப்பாக இருக்கிறதே, அது தடுக்காதா? வெளிச்சத்தைத் தடுக்கும். ஆனால் வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கறுப்புக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை உறிஞ்சித் தானே சூடாகி, அந்தச் சூட்டை உங்கள் தலைமேல் வீசும். மத்தியானம் கண்ணாடிக்குக் கீழே நாலு விரல்கடை தள்ளி உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், தெரியும். திரை செய்ய வேண்டிய வேலை இரண்டு: உள்ளே வரும் வெயிலை வந்த வழியே திருப்ப வேண்டும், கண்ணாடியின் சூடு நேராகத் தலையில் படாமல் மறைக்க வேண்டும்.

கறுப்பு மெஷ் (வலைத் துணி) இரண்டாவதைப் பாதியாகச் செய்யும், முதலாவதைச் செய்யாது. வெள்ளிப் பூச்சுத் தாள் கொண்ட இரட்டை அடுக்குத் திரையில் வெள்ளி முகம் கண்ணாடியைப் பார்த்து மேலே இருக்க வேண்டும், கறுப்பு மெஷ் கீழே வர வேண்டும். மாற்றி மாட்டினால் மெஷ் வெயிலைக் குடித்துச் சூடாகிவிடும், வெள்ளிக்கு வேலை இருக்காது. உள்ளே பளபளப்பாகத் தெரிகிறது என்று வெள்ளியைக் கீழே வைத்தவர்கள் நிறைய. கொதிப்பதாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்தது ஓர இடைவெளி. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே உள்ள காற்று நன்றாகச் சூடாகும். ஓரம் மூடியிருந்தால் அது அங்கேயே நிற்கும். விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தால் வண்டி ஓடும்போது அந்தச் சூடு உள்ளே கலந்துகொண்டே இருக்கும். அதனால் ஓர வெளிச்சத்தைக் கண் கூச்சமாக மட்டும் நினைக்காதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் கூரைத் திரை வெயிலில் நிற்கும் வண்டியைக் குளிர்ச்சியாக்காது. முன் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, இரும்புக் கூடு வழியாகவும் சூடு வருகிறது. நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கும் வெள்ளித் திரை வையுங்கள். கிளம்பும்போது கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டிச் சூட்டை வெளியே தள்ளிவிட்டு ஏசியைப் போடுங்கள். ஃபிலிம் ஒட்டிவிடலாம் என்று கடைக்காரர் சொன்னால், 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை விதித்ததும், முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்ற விதியும் நினைவில் இருக்கட்டும். கழற்றி மாட்டும் கூரைத் திரைக்கு இந்தத் தொல்லை இல்லை.

திரை இருக்கிறது என்ற தைரியத்தில் குழந்தையையோ முதியவரையோ நாயையோ மூடிய வண்டியில் விட்டுப் போக வேண்டாம், ஐந்து நிமிடத்துக்குக்கூட. உள்ளே ஏறும் வெப்பத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும்.

"கிர்ர் என்று சத்தம்"

பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து மோசமான சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். அவர் ஒவ்வொரு இடமாக விரலால் திரையை அழுத்தட்டும். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கே கம்பி கண்ணாடியையோ பிளாஸ்டிக்கையோ தொடுகிறது. அந்த இடத்தில் கம்பியைச் சுற்றித் துணி டேப் ஒட்டினால் போதும். எங்கே அழுத்தினாலும் நிற்கவில்லையா? திரையைக் கழற்றிவிட்டு அதே சாலையில் போங்கள். அப்போதும் வந்தால் சத்தம் சன்ரூஃபின் காய்ந்த பீடிங்கில் இருந்து வருகிறது. பீடிங்கைத் துடைத்து ரப்பருக்கான சிலிக்கான் தடவுங்கள். சன்ரூஃபைச் சாய்த்துத் திறந்திருக்கும்போது மட்டும் படபடவென்று வந்தால் அது காற்றில் துணி அடித்துக்கொள்வது. திறக்க வேண்டும் என்றால் திரையை எடுத்துவிடுவதுதான் வழி.

"புதுத் திரையில் நாற்றம், கண்ணாடியில் மங்கல்"

பி.வி.சி. பூச்சு புதிதாக இருக்கும்போது சூட்டில் வாடை விடும். அது கண்ணாடியில் மெல்லிய படலமாகவும் படியும். வாங்கியதும் வெளியே நிழலான, காற்றோட்டமான இடத்தில் சில நாள் தொங்கவிட்டால் போய்விடும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் தலைவலிக்கும் அளவுக்கு அடித்தால் அந்தத் திரையை வண்டியில் வைக்காதீர்கள்.

"திரை மாட்டிய பிறகு மழையில் தண்ணீர் சொட்டுகிறது"

திரையின்மேல் பழியைப் போடுவதற்கு முன் வடிகாலைப் பாருங்கள். சன்ரூஃப் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. பீடிங்கைத் தாண்டிக் கசியும் நீர் ஒரு தொட்டியில் சேர்ந்து, மூலைகளில் உள்ள மெல்லிய குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறங்கிச் சாலையில் விழும். கோடை முழுக்க மரத்தடியில் நின்ற வண்டியில் அந்தக் குழாய்களின் வாய் பூவும் இலையுமாக அடைந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தொட்டி நிரம்பி லைனிங் வழியே சொட்டும். திரை மாட்டியதும் கோடையில், சொட்டுவதும் அதன்பின் என்பதால் இரண்டையும் முடிச்சுப் போடுகிறோம்.

சன்ரூஃபைத் திறந்து, முன் இரு மூலையிலும் ஒரு சின்ன டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முன் சக்கரத்துப் பக்கம் தரையில் சொட்ட வேண்டும். மூலையில் தேங்கி நின்றால் அடைப்பு. புல் வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் நரம்பின் நுனியைத் தீயில் காட்டி மழுங்கவைத்து, குழாய்க்குள் மெதுவாக விட்டு எடுங்கள். கம்பி விட்டால் குழாய் கிழியும். கம்ப்ரெசர் காற்றை வேகமாக அடித்தால் குழாய் அதன் மூட்டில் இருந்து கழன்று, தண்ணீர் தூணுக்குள்ளேயே கொட்டும்; பிறகு லைனிங்கை இறக்காமல் அதை மாட்ட முடியாது. தண்ணீர் தாராளமாக இறங்குவதைப் பார்த்த பிறகு, பீடிங்கின் உதடு எந்தக் கிளிப்பிலாவது மடங்கி நிற்கிறதா என்று சுற்றிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். மடங்கிய இடத்தில் கிளிப்பை எடுத்து, உதட்டை நேராக்கி, இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள். லைனிங் நன்றாகக் காயும்வரை திரையை மாட்ட வேண்டாம். ஈரத்தை மூடி வைத்தால் பூஞ்சைக் கறை பிடிக்கும், அது பிறகு போகாது.